கட்டைக்குரலுக்குப் பல் கட்டியவர்

என் பெரிய மாமா பல் செட் கட்டுபவர். பல் டாக்டர் இல்லை. யாராவது மரியாதைக்கு டாக்டர் என்று அழைத்துவிட்டால் அவரே உடனே திருத்திவிடுவார். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் ஒரு தாடை கிடைக்கும். தாடையின் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, சரி பார்த்தபின் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு ஈறு நிறத்தில் பிளாஸ்டிக்கை இறுக்கினால் பல் செட். இந்த வேலையை அவர் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்த லேப்பில் செய்துவந்தார். ஜன்னல் தெருமட்டத்தில் இருந்ததால் போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும் தெரியும்.

"நாள் பூரா வாயைப் பார்க்கிறேன். தலையை நிமிர்த்தினா காலைப் பார்க்கிறேன். நடுவுல இருக்கிற மனுஷனைப் பார்க்கிறதே இல்லை" என்பார்.

குடும்பத்தில் சிறுசுகளுக்கு அவர் 'பல்லு மாமா'. பெரியவர்களுக்கு அவர் பாதியில் நிற்கும் வாக்கியம். "பாவம், அவனும்..." என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் யாரும் போக மாட்டார்கள். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அவருடைய வீட்டில்தான் தங்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வேன் ஓட்டுகிறார், அம்மா ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறாள். விடுதியெல்லாம் எங்களுக்கு எட்டாது. கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "அண்ணன் தங்கமான மனுஷன். ஆனா எதையும் நோண்டிக் கேக்காதே."

எதை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் எனக்கும் இருந்தது.

மாமாவின் வீட்டில் இரண்டு அறைகள். எனக்குக் கிடைத்த அறையின் அலமாரியில் யாரோ ஒரு பெரிய உடம்புக்காரரின் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. நான் கேட்காமலேயே மாமா சொன்னார்: "அது கட்டைக்குரலோட சட்டை. கீழ்த் தட்டு உனக்கு. மேல் தட்டு அவனுக்கு. அவன் செத்துப் பல வருஷம் ஆச்சு, சண்டைக்கு வர மாட்டான்."

சனிக்கிழமை பிற்பகல்களில் ரேடியோவில் ஓபரா வரும். பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம் அது. முதல் முறை கேட்டபோது, யாரோ கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டு அலறுவது போலத்தான் எனக்குப் பட்டது. இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான். மாமா என் ரசனையைத் திருத்த முயன்றதே இல்லை.

"என்ன மாமா, இந்தம்மாவைக் கத்தியால குத்தி எவ்வளவு நேரமாச்சு! இன்னும் பாடிக்கிட்டே இருக்கு?"

"பாடட்டுமே. உனக்கென்ன அவசரம், பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

"உயிர் போற நேரத்துல யாராவது இப்படிப் பாடுவாங்களா?"

"பாட மாட்டாங்க. பாட விடவும் மாட்டாங்க. இங்க விடறாங்க. அதுக்குத்தான் ஜனங்க டிக்கெட் வாங்கிட்டுப் போறாங்க."

அவருக்கு ஓபரா பிடித்துப்போனது ஒரு பல்லால். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஓபரா அரங்கத்தின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாமல்தான் இருந்தது. அங்கே பின்னணிக் கூட்டத்தில் பாடும் ஒருவர், சிப்பாய் வேடத்தில் இருட்டில் படியிறங்கும்போது குப்புற விழுந்து மேல்வரிசை முன்பற்களை உடைத்துக்கொண்டார். டாக்டர் அச்செடுத்து அனுப்பினார். மாமா கட்டிக் கொடுத்தார். செட் திரும்பி வந்தது. மறுபடி கட்டினார். மறுபடியும் திரும்பி வந்தது.

டாக்டர் போனில் கத்தினார்: "பேசினா ஒழுங்காத்தான் இருக்கு. பாடினா விசிலடிக்குதாம்! நான் பல் டாக்டரா, பாட்டு வாத்தியாரா? ஆளையே அனுப்பறேன், நீயே பார்த்துக்கோ."

வழக்கமாக லேப்காரர் வாய்க்குச் சொந்தக்காரரைப் பார்க்கவே மாட்டார். அந்த வாயை மாமா திரும்பத் திரும்பப் பிளாஸ்டரில் பார்த்திருந்தார். எந்தப் பக்கத்தில் அதிகம் மெல்லுவார், உறக்கத்தில் பல்லைக் கடிப்பாரா என்பதெல்லாம் தெரியும். முகத்தை அன்றுதான் பார்த்தார். பற்களை மெழுகில் நிறுத்தி வாயில் வைத்து, "இப்பப் பாடுங்க" என்றார். நிலவறையில் அந்தக் கனத்த குரல் எழுந்ததும் அலமாரியில் இருந்த கண்ணாடிப் புட்டிகள் நடுங்கின. மாமா பல்லின் பின்பக்கத்தை ஒரு துளி சுரண்டுவார், அவர் பாடுவார், மறுபடி சுரண்டுவார். மேலேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, "யாருய்யா கீழே எருமையைக் கட்டிப் போட்டிருக்கிறது?" என்று கேட்டாராம்.

"எருமைக்குப் பல் கட்டுறோம் சார்" என்று அந்த ஆள் பதில் சொல்லியிருக்கிறார். விசில் வரவில்லை. அன்றைக்கு மாமா வைத்த பெயர்தான் கட்டைக்குரல்.

நன்றிக்கு ஒரு டிக்கெட் வந்தது. உச்சிமாடி இருக்கை. மாமா யாரிடமோ தூரக்கண்ணாடி இரவல் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியும் விட்டதில்லை. கட்டைக்குரல் ஒருநாள் சிப்பாய், ஒருநாள் துறவி, ஒருநாள் கைதி, ஒருநாள் குடிகாரன். கூட்டத்தில் ஒருவர். கதாநாயகியாகப் பாடியது யார் என்று கேட்டால் மாமாவுக்குத் தெரியாது. கடைசி வரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் துறவி எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

பிறகு இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கேட்பவர்களுக்கு, வாடகையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்பார்கள். இன்னும் துருவினால் சாக்குக்குப் பல் செட் இருந்தது. பல் போன ஈறு வருஷத்துக்கு வருஷம் சுருங்கும், செட் தளரும், அடிக்கடி சரி செய்ய வேண்டியிருக்கும். "எனக்கு இந்த ஆள் பக்கத்துலயே இருக்கணும்ங்க. நான் பாட்டுக்கு மேடையில வாயைத் திறந்து பல்லு பறந்துபோய் முன்வரிசையில யார் மடியிலயாவது விழுந்துட்டா?" என்று கட்டைக்குரல் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சிரிக்கவைப்பாராம். சிரிக்கிறவர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

உண்மை வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் வெறும் பயமில்லை. மாமாவின் லேப்பில் பீங்கான் பல் செய்கிற ஒருவர் இருந்தார். கைவேலைக்காரர், யார் வம்புக்கும் போகாதவர். பூங்காவில் இன்னொரு ஆணுடன் இருந்தார் என்று போலீஸ் பிடித்தது. மறுநாள் அவருடைய ஸ்டூலை மற்றவர்கள் வெளியே இழுத்துப்போட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க என்ன பண்ணீங்க மாமா?"

"வாளியில தண்ணி பிடிச்சுக் கொடுத்தேன்" என்றார். "குழாய் என் பக்கத்துலதான் இருந்துச்சு."

அம்மா கல்யாணத்துக்கு மாமா தனியாக வந்து, போட்டோவுக்கு நிற்காமல் போனார். பெரியம்மா, அதாவது மாமாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த அக்கா, ஒரே ஒரு தடவை அந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு அறைகளையும் பார்த்தாள். கட்டில் ஒன்றுதான் இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். அதன்பிறகு பல வருடங்கள் அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

பெரியம்மா நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பொறுப்பு. கட்டைக்குரலுக்கு நெஞ்சில் நீர் கோத்து, ஒத்திகையின் நடுவே மயங்கி விழுந்தபோது அரங்கத்துக்காரர்கள் அவரை அங்கேதான் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு ஓடிய மாமாவுக்கு எந்த வார்டு என்று தெரிந்ததும் உயிர் வந்தது. "நம்ம அக்கா இருக்கா, நல்லவேளைன்னு நினைச்சேன்" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

வார்டு வாசலில் இருந்த பெண் கேட்டாள்: "நீங்க அவருக்கு யாரு?"

இத்தனை வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "பல் செட் கட்டினவன்."

இரண்டடி தள்ளிப் பெரியம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள். மாமா அவளைப் பார்த்தார். அவள் மாமாவைப் பார்த்தாள். பிறகு வாசலில் இருந்த பெண்ணிடம், "உறவுக்காரங்க மட்டும்தான் உள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது கையில் மூடி போட்ட ஒரு டப்பா. உடம்பு மோசமானவர்களின் பல் செட்டைக் கழற்றி வைப்பது ஆஸ்பத்திரி வழக்கம்.

"இந்தாங்க. இது உங்க வேலைதானே. எடுத்துட்டுப் போங்க. அவருக்கு இனிமே இது தேவைப்படாது."

தம்பியை அவள் 'வாங்க, போங்க' என்று பேசியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

மறுநாள், கட்டைக்குரலோடு பல வருடங்களாகப் பேச்சுவார்த்தையே இல்லாத அவருடைய தம்பி பஸ் பிடித்து வந்தார். அவரை விட்டார்கள். மாமா வெளியே பெஞ்சில் இருந்தார். இரண்டு நாளும் அங்கேயே இருந்தார். கட்டைக்குரல் கடைசிவரை ஏதோ கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், வாயில் பல் இல்லாததால் யாருக்கும் புரியவில்லை என்றும் ஒரு சின்ன வயது நர்ஸ் பிறகு சொன்னாள். பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி சொல்கிறவர்கள் அதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள்.

இது நடந்தபோது நான் பால் குடிக்கும் குழந்தை. நான் கல்லூரிக்கு வந்தபோது உலகம் வேறாகியிருந்தது. சட்டம் மாறி, ஆணும் ஆணும் கல்யாணமே செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. பேங்க் வாசலில் வானவில் கொடி கட்டினார்கள். மாமாவின் லேப் இருக்கும் தெருவிலேயே, பல் வெளுக்கும் விளம்பரத்தில் இரண்டு இளைஞர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தார்கள். மாமா அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இடது பக்கத்துப் பையனுக்கு முன்பல்லு கட்டினது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்கள் வகுப்பில் மாறிவரும் சமூக மனப்பான்மை பற்றி ஒரு பாடம். இப்படிப்பட்டவர்கள் உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் சம்மதமா என்று பல வருடங்களாக ஜனங்களிடம் கேட்டு, வந்த பதில்களை ஒரு கோடாகப் போட்டிருந்தார்கள். கோடு கீழே இடது மூலையில் ஆரம்பித்து மேலே ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவிடம் காட்டினேன்.

விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். "மேல ஏறினவங்க, கீழ இருந்ததை ஒத்துக்கிறாங்களா?"

மறுநாள் ஆசிரியையிடம் கேட்டேன். அப்படிக் கேட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள் என்றார். நிறையப் பேர் தாங்கள் முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்ததாகச் சொல்வார்களாம். பொய் என்று சொல்ல முடியாது, அவர்கள் அதை நம்புகிறார்கள் என்றார். மாமாவிடம் வந்து அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

பெரியம்மாவும் மாறியிருந்தாள். அவளுடைய ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவளிடம் சொன்னான். அவள் பல நாள் அறைக்குள் கிடந்தாள். வெளியே வந்தபோது வேறு ஆள். அந்த மாற்றத்தை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மகனுக்காகப் பெரியப்பாவோடு சண்டை போட்டாள். பேசக் கூடாததைப் பேசிய சொந்தங்களை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களின் சங்கத்தில் சேர்ந்து மண்டபம் மண்டபமாகப் போய்ப் பேசினாள். முன்பின் தெரியாத அம்மாக்கள் அவள் தோளில் சாய்ந்து அழுதார்கள். அவளால் எத்தனை பிள்ளைகள் வீட்டை விட்டுத் துரத்தப்படாமல் பிழைத்தார்களோ தெரியாது. இவ்வளவு செய்தவளிடம் இன்னும் என்ன கேட்பது என்று நானே பல தடவை நினைத்திருக்கிறேன்.

மகனுக்கும் ஒரு வக்கீலுக்கும் கல்யாணம் நிச்சயமானதும், அழைப்பிதழோடு பெரியம்மா மாமா வீட்டுக்கு வந்தாள். அவ்வளவு வருடங்களுக்குப் பிறகு.

"என்னடா இப்படி இளைச்சுப் போய்ட்டே? இவ உனக்கு ஆக்கிப் போடறாளா இல்லையா? படிச்ச பொண்ணாச்சே, அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?"

"சமையல் மாமா, பெரியம்மா. நான் பாத்திரம் கழுவறது."

"நல்லாயிருக்கு போ. உங்கம்மாகிட்டச் சொல்றேன்." சிரித்துவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீதான் முன்னால நிக்கணும். நம்ம குடும்பத்துல முதல் ஆள் நீ. என் பிள்ளைக்கு வழி காட்டினவனே நீதான்டா."

"நான் யாருக்குக்கா வழி காட்டினேன்? சுவரோரமா ஒதுங்கி நடந்து வந்தவன் நான்."

"அப்படியெல்லாம் பேசாதே. வருவேதானே?"

மாமா தேநீரைக் கீழே வைத்தார். "வர்றேன்கா. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்."

"கேளுடா. என்ன வேணும்னாலும் கேளு."

"அன்னைக்கு வார்டு வாசல்ல, நான் அவனுக்கு யாருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விடலை. அதை உன் வாயால எங்கிட்ட ஒரு தடவை சொல்லணும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். தெரியும்னு சொன்னாப் போதும்."

பெரியம்மா உடனே சொன்னாள், ரொம்ப நாளாக நாக்கு நுனியிலேயே வைத்திருந்தது போல: "நீதானேடா பல் செட் கட்டினவன்னு சொன்னே?"

"நான் சொன்னேன். நீ நம்பினியா?"

அவள் சுவரைப் பார்த்தாள். கண் கலங்கியது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்றேன்டா. இந்த நாலு சுவத்துக்குள்ள எதுக்குத் திருட்டுத்தனமாச் சொல்லணும்? கல்யாணத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் மைக்கைப் பிடிச்சுச் சொல்றேன்."

"மைக் வேண்டாம்கா. இப்பச் சொல்லு. இந்தப் பொண்ணு வேணும்னா உள்ள போகட்டும்."

"அக்காவை நம்பலையா நீ?"

மாமா அழைப்பிதழைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க மாமா வேறு மாதிரி இருந்தார். முடி வெட்டிக்கொண்டார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். அலமாரியின் மேல் தட்டிலிருந்து கட்டைக்குரலின் கழுத்து டை ஒன்றை எடுத்துக் கட்டிப் பார்த்து, "எனக்கு நல்லாவா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். "அசத்துறீங்க" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தோம். எங்கள் வீட்டுக் கூட்டம் ஒரே கும்மாளம். "இதுல பொண்ணு வீட்டுக்காரங்க யாருப்பா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "ரெண்டும் மாப்பிள்ளை வீடு தாத்தா. அதான் காலையிலேர்ந்து யாரும் யாருக்கும் வணங்க மாட்டேங்கிறாங்க" என்றார் அப்பா. போன தலைமுறையில் இதே ஆட்கள் மாமாவின் பெயரைப் பாதியில் முழுங்கியவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர்களே நம்ப மாட்டார்கள்.

பெரியம்மா மைக்கைப் பிடித்தாள். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை இரண்டும் முழங்காலில்.

"இன்னைக்கு இந்தக் கல்யாணம் நடக்குதுன்னா அதுக்கு என் தம்பிதான் காரணம்" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவனோட ஆளு என் வார்டுலதான் சாகக் கிடந்தாரு. இவன் வாசல்ல வந்து நிக்கிறான். யாருன்னு கேக்கறாங்க. அந்தக் காலம் அப்படி, உண்மையைச் சொல்ல வாய் வரலை. பல் செட் கட்டினவன்னு சொல்றான், பாவம்." மண்டபத்தில் சத்தம் அடங்கியது. "நான் எழுதிக்கிட்டிருந்தேன். தலையை நிமிர்த்தி இவனைப் பார்த்தேன்."

மாமாவின் உதடு லேசாக அசைந்தது. அதுவரை அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"பேனாவைக் கீழ வச்சேன். எழுந்தேன். இவன் என் கூடப் பிறந்தவன், உள்ள படுத்திருக்கிறது இவனோட உயிரு, கதவைத் திறங்கன்னு சொன்னேன். என் தம்பி கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனேன். அவர் இவனைப் பார்த்துக்கிட்டேதான் கண்ணை மூடினாரு."

கைதட்டல் மண்டபத்தையே தூக்கிவிடும் போல இருந்தது. வக்கீலின் அம்மா எழுந்து வந்து, அழுதுகொண்டே மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க அக்கா மாதிரி ஒரு அக்கா யாருக்குங்க கிடைப்பாங்க!" மாமா எழுந்து நின்று, "ஆமாங்க" என்றார்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் அண்ணன் வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். மாலை வெயில் ஜன்னல் வழியாக அவன் கோட்டில் விழுந்தது. அழகாக இருந்தான்.

"தம்பி, என்னை உள்ள விடலைப்பா" என்றார் மாமா, ஏதோ ஒரு சின்னத் தகவலைத் திருத்துவது போல.

அண்ணன் தரையைப் பார்த்தான். "தெரியும் மாமா."

"தெரியுமா?"

"அம்மா எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. நான் என்னைப் பத்திச் சொன்ன அன்னைக்கே. 'தெரிஞ்சேதான் செஞ்சேன், எனக்குக் கீழ வேலை பார்க்கிறவங்க முன்னால அவனை என் தம்பின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு'ன்னு சொல்லி அப்படி அழுதாங்க. நான்தான் தேத்தினேன். பரவாயில்லைம்மா, விடுங்கன்னு சொன்னேன்."

"நீ பரவாயில்லைன்னு சொன்னியா?"

"மாமா..." அவன் குரல் இறங்கியது. "அவங்க எனக்காக எவ்வளவோ பட்டுட்டாங்க. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன். ப்ளீஸ்."

மாமா அவன் தோளைத் தட்டினார். எழுந்து, பெரியம்மா இருந்த மேசைக்கு நேராகப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவளைச் சுற்றி நாலைந்து பெண்கள்.

"வாடா, வா. என்ன, நல்லாப் பேசினேனா?"

"அக்கா, உன் பிள்ளைகிட்டச் சொன்னதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லு."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். "இப்ப என்னடா அதுக்கு? எல்லாரும் பார்க்கிறாங்க."

"காதுல சொல்லு. குனியறேன்."

உண்மையாகவே குனிந்தார். அத்தனை பேர் நடுவில், அறுபது வயது ஆள், அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மாவின் உதடு திறந்தது.

"நீ அன்னைக்கு வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கணும்டா" என்றாள். "சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

மாமா நிமிர்ந்தார். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

பஸ்ஸில் நான் வகுப்பில் படித்த ஏதேதோ சொன்னேன். குற்ற உணர்ச்சி தாங்காதவர்கள் நினைவையே மாற்றிக்கொள்வார்கள் என்று. "மாத்திக்கலையே. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார். "நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..." என்று தனக்குத்தானே ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவரைப் பற்றிய வாக்கியங்களைப் பாதியில் விட அவருக்கும் பழகிவிட்டது.

மறுநாள் அம்மா போன் செய்தாள்.

"அண்ணன் ஏன்டி சாப்பிடாமக் கிளம்பிருச்சு? அக்கா ஒரே அழுகை. அவ்வளவு பேர் முன்னால தலையில தூக்கி வச்சுப் பேசினா. ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா?"

"அம்மா..."

"மாப்பிள்ளை வீட்டுல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அந்தக் காலத்து மனுஷன், இந்த மாதிரிக் கல்யாணத்தை அவரால ஏத்துக்க முடியலை போலன்னு சொல்றாங்க. நமக்குத்தானே அசிங்கம். காலத்துக்குத் தகுந்த மாதிரி மனுஷன் மாற வேண்டாமா? நீ படிச்சவ, நீயாவது எடுத்துச் சொல்லு."

"அம்மா, பெரியம்மா மைக்குல சொன்ன மாதிரி ஆஸ்பத்திரியில நடக்கலை. அது உனக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் அதை மூடினாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இதென்னடி கேள்வி? எல்லாருக்கும் தெரியும். அண்ணன் ரெண்டு நாள் வெளிய பெஞ்சுலதானே கிடந்துச்சு."

"அப்புறம் ஏம்மா கை தட்டினே?"

"எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

பக்கத்து அறையில் மாமா இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. "அம்மா, இப்ப எங்கிட்டச் சொன்னியே, தெரியும்னு. அதை மாமாகிட்டச் சொல்லும்மா. அது போதும் அவருக்கு. இங்கதான் இருக்கார். போனைக் குடுக்கறேன்."

"இப்பவா?" என்றாள் அம்மா. "எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்குடி. இன்னொரு நாள் பேசறேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டாள்.